கேட்டது ஒன்று, வந்தது நாற்பது

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரே ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி என்டர் தட்டுகிறீர்கள். முன்பின் கேட்டிராத பெயர்கள் திரையில் வரிசையாக ஓடுகின்றன. கடைசியில், இவ்வளவு எம்பி இடம் பிடிக்கும், தொடரலாமா என்று ஒரு கேள்வி. கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடத்தில் விரல் தயங்கும். நான் கேட்டது ஒன்றுதானே, மற்றதெல்லாம் எதற்கு?

இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் டேட்டாவும் மிஞ்சும், டிஸ்க்கில் இடமும் மிஞ்சும். பின்னால் வரக்கூடிய தலைவலி ஒன்றிரண்டும் தவிரும். கணினித் துறையில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை. டெர்மினலைத் திறந்து ஒரு வரி தட்டத் தெரிந்தால் போதும்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் மென்பொருள் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், பேக்கேஜ் (மென்பொருளையும் அதைப் பற்றிய குறிப்புச் சீட்டையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) என்பதிலிருந்து தொடங்குவோம். லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்கள் பேக்கேஜாகத்தான் வருகின்றன. உள்ளே இருக்கும் சீட்டில் பெயர், பதிப்பு எண், செய்யும் வேலை எல்லாம் எழுதியிருக்கும். கூடவே, இது ஓடுவதற்கு வேறு எந்தெந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும்.

ஏன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தந்துவிடக் கூடாது? படம் காட்டுவது, எழுத்து வரைவது, இணையத்தில் பேசுவது போன்ற வேலைகள் நூறு மென்பொருள்களுக்குப் பொது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு படியைச் சுமந்துவந்தால் டிஸ்க் நிரம்பிவிடும். பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்தால் நூறு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும். அதனால் பொது வேலைகளைத் தனித்தனிப் பேக்கேஜாக வைத்து, வேண்டியவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இப்போது ஒரு சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். செயினும் பெடலும் இல்லாமல் அது நகராது. ஸ்டாண்டும் பெல்லும் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில்தான் ஸ்டாண்டு இல்லாத குறை தெரியும். குறுக்கே ஆள் வரும்போதுதான் பெல் இல்லாத குறை தெரியும். முன்னால் மாட்டும் கூடை இன்னொரு வகை. சந்தைக்குப் போகிறவருக்கு உதவும், மற்றவருக்கு வேண்டாம்.

டெபியன் வழி வந்த எல்லா இயங்குதளங்களிலும் சீட்டில் இந்த மூன்று வகையும் உண்டு. உபுண்டு அப்படி வந்ததுதான், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். செயினும் பெடலும் டிபெண்ட்ஸ் (கட்டாயம்). ஸ்டாண்டும் பெல்லும் ரெகமெண்ட்ஸ் (பரிந்துரை). கூடை சஜஸ்ட்ஸ் (யோசனை). என்ஹான்சஸ் என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. யோசனையையே எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது கூடையின் சீட்டிலிருந்து சொல்வது அது. அன்றாடத்தில் அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதே வராது.

கட்டாயத்தில் நமக்குப் பேச்சே இல்லை, அது வந்தே தீரும். யோசனை தானாக வராது, பெயரை மட்டும் திரையில் காட்டும். நடுவில் இருக்கும் பரிந்துரைதான் சிக்கல். அது தானாகவே வரும், வேண்டாம் என்றால் தடுக்கவும் முடியும். உங்கள் நாற்பது பேக்கேஜில் பாதி இந்த வகையாக இருக்கலாம்.

பரிந்துரை எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பராமரிப்பாளரோ ஒரு சிறு குழுவோ இருக்கிறது. டெபியனில் இவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். டெபியனின் விதித்தொகுப்பு அவர்களுக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறான கணினிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இதோடு சேர்ந்தே இருக்கும் என்று சொல்லத்தக்கதைத்தான் பரிந்துரையில் போட வேண்டும். சும்மா நன்றாக இருக்கும் என்பதெல்லாம் யோசனைக்குப் போக வேண்டும். டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் இருக்கும் பேக்கேஜ், அதற்கு வெளியே உள்ள கட்டற்றதல்லாத மென்பொருளைப் பரிந்துரைக்கவும் கூடாது. யோசனையாகச் சொல்ல மட்டும் அனுமதி உண்டு.

பரிந்துரையை ஏதோ விளம்பரம் போல நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. அது விளம்பரம் அல்ல. அந்த மென்பொருளோடு வருடக்கணக்கில் பழகியவர், இது இல்லாமல் ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுதிவைத்தது.

இணையத்தில் ஒருவர் பரிந்துரை தானாக வராது என்கிறார், இன்னொருவர் வரும் என்கிறாரே? இருவருமே அவரவர் காலத்துக்குச் சரி. முன்பு, மென்பொருளை நிறுவும் ஏப்ட்-கெட் கட்டளை பரிந்துரைகளின் பெயரைக் காட்டிவிட்டு விட்டுவிடும். உபுண்டுவில் 2008 அக்டோபரில் வந்த 8.10 பதிப்பிலிருந்தும், டெபியனில் 2009 பிப்ரவரியில் வந்த 5.0 பதிப்பிலிருந்தும் அவை தானாகவே நிறுவப்படுகின்றன. பழைய வழிகாட்டியைப் படித்தால் அதன் தேதியையும் பாருங்கள். உங்கள் கணினியில் இப்போது எப்படி இருக்கிறது என்று அறிய, ஏப்ட்-கான்ஃபிக் டம்ப் என்று தட்டி, இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்தில் 1 அல்லது ட்ரூ என்றிருந்தால் பரிந்துரைகள் வரும்.

நிறுவும் முன்பே என்னென்ன வரும் என்று பார்க்க முடியுமா? முடியும், இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஏப்ட் ஷோ என்று தட்டி பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் சீட்டு அப்படியே திரையில் வரும். டிபெண்ட்ஸ், ரெகமெண்ட்ஸ், சஜஸ்ட்ஸ் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கும். ஏப்ட் இன்ஸ்டால் கட்டளையோடு ஒரு சிறு கோடும் எஸ் எழுத்தும் சேர்த்தால் அது வெறும் ஒத்திகை. என்ன நடக்கும் என்று சொல்லும், எதையும் செய்யாது. அதற்கு நிர்வாகி கடவுச்சொல்கூட வேண்டாம்.

பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு நேர்க்கோடு நிற்கிறதா? அது ‘அல்லது’ என்று பொருள். இரண்டில் எது இருந்தாலும் போதும், இரண்டுமே இல்லையென்றால் பொதுவாக முதலில் எழுதியது வரும். இதைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம், நினைவில் வையுங்கள்.

சரி, பரிந்துரையை எப்போது ஏற்பது, எப்போது தள்ளுவது? மூன்று பேக்கேஜ்களைக் கிட்டத்தில் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

முதலாவது, நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). இதன் பரிந்துரைப் பட்டியலில் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு இணையதளம் தான் சொல்லிக்கொள்ளும் தளம்தானா என்று சரிபார்க்க உதவும் சான்றிதழ்களின் தொகுப்பு அது. இடமும் அதிகம் பிடிக்காது. இதைத் தள்ளிவிட்டு கிட்டை மட்டும் நிறுவினால் நிறுவல் ஒழுங்காக முடியும், கிட்டும் ஓடும். ஆனால் பாதுகாப்பான இணைய முகவரியிலிருந்து ஒரு திட்டத்தை இறக்கப் போனால், சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றுவிடும்.

அந்த இடத்தில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இணையத்தில் தேடி, சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடும் ஒரு வரியைக் கண்டுபிடித்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை என்று கதவையே கழற்றிவைப்பது அது. கோளாறு தளத்திலும் இல்லை, உங்கள் இணைய இணைப்பிலும் இல்லை. விட்டுப்போன அந்த ஒரு பேக்கேஜை நிறுவினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, பைத்தான்3-பிப். பைத்தான் மொழிக்கான கூடுதல் நிரல்களை இறக்கித் தரும் சிறிய கருவி. இதன் பரிந்துரையில் பில்ட்-எசென்ஷியல் இருக்கிறது. அதன் பின்னால் சி, சி++ கம்பைலர்கள் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்கள்) அணிவகுத்து வரும். கேட்ட கருவியைவிட வந்து இறங்குவது பல மடங்கு பெரிது.

இதைப் பரிந்துரைத்தது தவறா? இல்லை. பைத்தான் நிரல்கள் சிலவற்றின் உள்ளே சி மொழிப் பகுதி இருக்கும், அதை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டி வரலாம். ஆனால் இன்று பரவலாகப் பயன்படும் நிரல்களில் பெரும்பாலானவை முன்பே கம்பைல் செய்த வடிவில் கிடைத்துவிடுகின்றன. அதனால் இடம் குறைவான கணினியில் இதைத் தள்ளலாம் என்பது என் கருத்து. தேவைப்பட்டால் கம்பைலர் இல்லை என்ற செய்தி திரையில் வந்துவிடும். அப்போது நிறுவிக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது பேக்கேஜைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது அதில்தான். எம்டிஏடிஎம் என்று பெயர். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை எழுதி, ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்படி வைக்கும் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் முறை) அமைப்பை நடத்துவது. டெபியனில் இதை நிறுவப் போனால், கூடவே ஒரு மெயில் சர்வரும் வந்து நிற்கும். எக்சிம் என்று பெயர். டிஸ்க் விஷயத்துக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும்.

எனக்கும் தோன்றியது. நான் பார்த்துக்கொண்ட ஒரு சின்ன சர்வரில், மெயில் எதற்கு என்று பரிந்துரையைத் தள்ளிவிட்டேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பல மாதங்கள் கழித்து வேறு ஏதோ வேலையாகப் போனவன், ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் எம்டிஸ்டாட் என்ற நிலைக்கோப்பைத் தற்செயலாகத் திறந்தேன். நல்ல நிலையில் இருந்தால் சதுர அடைப்புக்குள் யு என்ற ஆங்கில எழுத்து இரண்டு தெரிய வேண்டும். ஒரே ஒரு யுவும் பக்கத்தில் ஓர் அடிக்கோடும் தெரிந்தன. ஒரு டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. எப்போது என்று எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் மற்ற டிஸ்க் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

டிஸ்க் போய்விட்டால் நிர்வாகிக்கு மெயில் அனுப்புவதுதான் எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு வேலை. அனுப்ப ஆள் இல்லையென்றால் சொல்ல வழியில்லை. சைக்கிளின் பெல்லை நான்தான் கழற்றி வைத்திருக்கிறேன். நிறுவிய அன்றும் அடுத்த நாளும் எந்தக் குறையும் தெரியவில்லை, தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் மட்டும் சத்தம் வரவில்லை.

இங்கே முழு மெயில் சர்வர்தான் வேண்டும் என்றில்லை. மெயில் அனுப்பும் எந்தப் பேக்கேஜ் இருந்தாலும் போதும் என்று, அந்த நேர்க்கோட்டைப் போட்டு, சீட்டிலேயே எழுதியிருக்கிறது. எம்எஸ்எம்டிபி-எம்டிஏ என்ற எளிய பேக்கேஜின் பெயரையும் அதே கட்டளையில் சேர்த்துச் சொன்னால், பெரிய சர்வர் வராது. பிறகு அதற்கு உங்கள் மெயில் கணக்கின் விவரத்தைக் கொடுங்கள். எம்டிஏடிஎம்மின் அமைப்புக் கோப்பில் மெயில்ஏடிடிஆர் என்ற வரியில் உங்கள் முகவரியை எழுதுங்கள். பேக்கேஜ் வந்துவிட்டால் மட்டும் மெயில் உங்கள் கைக்கு வந்துவிடாது.

ஆக, உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இது இல்லாத குறை எனக்கு எப்போது தெரியும்? உடனே, திரையிலேயே தெரியும் என்றால் தைரியமாகத் தள்ளிப் பாருங்கள். ஆபத்து வந்த பிறகுதான் தெரியும் என்றால் தள்ளாதீர்கள். எச்சரிக்கை அனுப்புவது போன்ற வேலைகள் எல்லாம் இரண்டாவது வகை.

காரணத்தை எங்கே தேடுவது? டெபியனில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். பரிந்துரை வரியில் பெயர்கள் மட்டுமே இருக்கும், ஏன் என்று இருக்காது. ஆர்ச் லினக்ஸ் இதை அழகாகச் செய்திருக்கிறது. அங்கே விருப்பப் பேக்கேஜ் எதுவும் தானாக வராது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இது இன்ன வேலைக்கு என்று ஒரு வரி விளக்கம் திரையில் வரும். டெபியனில் அந்த வசதி வரும்வரை, ஏப்ட் ஷோ காட்டும் நீண்ட விளக்கத்தையும், யுஎஸ்ஆர், ஷேர், டாக் என்று போகும் ஃபோல்டரில் அந்தப் பேக்கேஜுக்கு ரீட்மி.டெபியன் கோப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

இப்போது கட்டளை. ஒரு முறை மட்டும் பரிந்துரைகள் வேண்டாம் என்றால், ஏப்ட் இன்ஸ்டால் என்பதோடு இரண்டு சிறு கோடு போட்டு நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் என்று சேர்த்துத் தட்டுங்கள். எல்லாம் வரட்டும், ஒன்று மட்டும் வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. வேண்டாத பேக்கேஜின் பெயரை அதே வரியில் எழுதி, அதன் வாலில் இடைவெளியில்லாமல் ஒரு சிறு கோடு போடுங்கள். பலருக்குத் தெரியாத இந்தச் சின்ன வசதியைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் பேக்கேஜ் முன்பே கணினியில் இருந்தால் அதை நீக்கச் சொல்வதாக ஆகிவிடும், பார்த்துத் தட்டுங்கள்.

ஒரேயடியாக, எப்போதுமே பரிந்துரை வராதபடி அணைத்துவிடலாமா? ஏப்ட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும், அணைந்துவிடும். ஆனால் அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மிச்சமாகும் இடத்தைவிட, நெட்வொர்க் பிரிண்டர் ஏன் தானாகத் தெரியவில்லை, இது ஏன் திறக்கவில்லை என்று தேடிப் போகும் பொழுது அதிகம். வீட்டில் அப்பா அம்மா பயன்படுத்தும் கணினி என்றால் நிச்சயமாக வேண்டாம்.

சர்வரும் டாக்கர் கண்டெய்னரும் (ஒரே ஒரு வேலைக்கென்று கட்டிய சிறு மென்பொருள் அறை) வேறு கதை. அங்கே ஒவ்வொரு பேக்கேஜும் இடம், ஒவ்வொன்றும் பின்னாளில் பாதுகாப்புத் திருத்தம் தேடவேண்டிய பொருள். பரிந்துரையை அணைப்பது அங்கே நல்ல வழக்கம். ஆனால் அணைத்தபின் சீட்டைப் படித்து, வேண்டியதை நீங்களே பெயர் சொல்லி எழுத வேண்டும். கிட் போட்டால் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸையும் கையோடு எழுதிவிடுங்கள்.

முன்பே வந்து உட்கார்ந்துவிட்டதை நீக்கலாமா? பரிந்துரையாக வந்ததை நீக்கினால், அதை அழைத்துவந்த மென்பொருள் அப்படியே இருக்கும். கட்டாயமாக வந்ததை நீக்கினால் அதை நம்பியிருக்கும் மென்பொருளும் சேர்ந்து போகும். எது எந்த வகை என்று சந்தேகமா? ஏப்ட் ரிமூவ் கட்டளையையும் எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் நீங்கள் சொல்லாத பெயர் ஒன்று தெரிந்தால் நிறுத்துங்கள்.

நீக்கியது அடுத்த அப்கிரேடில் திரும்பி வந்துவிடுமோ? வராது. முன்பே பரிந்துரையில் இருந்து நீங்கள் விலக்கியதை ஏப்ட் மறுபடி இழுத்துவராது. புதிய பதிப்பில் புதிதாகச் சேர்த்த பரிந்துரை இருந்தால் அது மட்டும் வரும். அதனால் பதிப்பு மாறும்போது பட்டியலை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

ஏப்ட் ஆட்டோரிமூவ் போட்டும் ஒன்றும் குறையவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்டளை, யாருக்கும் தேவையில்லாமல் கிடப்பதை மட்டும் அகற்றும். நிறுவியிருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் பரிந்துரைத்தாலோ, யோசனையாகச் சொன்னாலோகூட, தேவை உண்டு என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பரிந்துரையை இன்று அணைத்தாலும் நேற்று வந்தவை அப்படியே இருப்பது இதனால்தான். மாறாக, தானாக வந்த ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டதா? ஏப்ட்-மார்க் மேனுவல் என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். நீங்களே கேட்டு வாங்கியதாகப் பதிவாகிவிடும், எந்த ஆட்டோரிமூவும் அதைத் தொடாது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பரிந்துரைகளை முழுதாக ஏற்றாலும் தமிழுக்கு வேண்டியது வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசரக்ட்-ஓசிஆர் நல்ல உதாரணம். அதோடு ஆங்கிலத்துக்கான தரவு கட்டாயமாக வரும். தமிழுக்கு டெசரக்ட்-ஓசிஆர்-டிஏஎம் என்ற பேக்கேஜை நாமே கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் தமிழ்ப் புத்தகப் பக்கத்தைக் கொடுத்தால், ஆங்கில எழுத்துகளாகத் தாறுமாறாக ஏதோ வரும். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், தமிழ்த் தரவு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அதேபோல எழுத்துருக்களுக்கு ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல், லிப்ரெஓபிஸின் மெனுக்கள் தமிழில் வர லிப்ரெஓபிஸ்-எல்10என்-டிஏ. இரண்டையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு, அங்கும் பரிந்துரைகள் தானாகவே வரும். ஏப்ட்டின் வேலையை அங்கே செய்யும் டிஎன்எஃப்பின் அமைப்பில் இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ் என்ற வரியை ஃபால்ஸ் ஆக்கினால் வராது. வீக் டெப்ஸ் என்பது அங்கே கட்டாயமல்லாத சார்புகளுக்குப் பொதுப் பெயர். கட்டளைகள் வேறு என்றாலும், இது இல்லாத குறை எப்போது தெரியும் என்ற கேள்வி அங்கும் பொருந்தும்.

ஒரு பரிந்துரை எப்படிப் பார்த்தாலும் பொருத்தமில்லை என்று உங்களுக்குப் பட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். டெபியனில் ரிப்போர்ட்பக் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதை ஓட்டி, எந்தப் பேக்கேஜ், எந்தப் பரிந்துரை, அது இல்லாமலே உங்களுக்கு என்னென்ன வேலை நடந்தது என்று நான்கு வரி எழுதி அனுப்பலாம். அது பராமரிப்பாளரிடமே போகும். யார் வேண்டுமானாலும் பின்னாளில் படிக்கும்படி பொதுவில் பதிவாகவும் இருக்கும், அதனால் சொந்த விவரம் எதையும் அதில் எழுத வேண்டாம்.